வயதுக்குச் சரி

கோஹுங்
19 நவம்பர் 2014

அன்புள்ள தம்பி சங்மானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். குவாங்ஜுவிலிருந்து நானும் உன் அக்காவும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். ஃபோனில் ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடிய சேதிக்கு எதற்கு இந்தக் கடிதம் என்று நீ சிரிப்பாய். முப்பத்தொரு வருஷம் ஊரார் கடிதங்களைத் தோளில் சுமந்த தபால்காரன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது என் பெயருக்கு நாலு கடிதம் வரவேண்டாமா? தவிர, ஃபோனை எடுத்தால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவளைப் பற்றி அவள் முகத்துக்கு நேராக என்னத்தைப் பேசுவது?

உன் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் மூளையைப் படம் எடுக்க நீயாகவே ஏற்பாடு செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். கிம்சி ஊறுகாய்க்கு முட்டைகோஸ் ஊறப்போட்டவள், போட்ட உப்பையே மறுபடி போட்டு நாற்பது முட்டைகோஸையும் கடல்நீராக்கியதை உன்னிடம் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். சந்தையிலிருந்து வரும் வழியில் தவறான பேருந்தில் ஏறி உட்கார்ந்ததைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் நானும் சிரிப்பதை நிறுத்தினேன்.

அந்தக் குழாய்க்குள் அரைமணி நேரம் படுத்திருந்தாளே, எப்படி இருந்தது என்று கேட்டேன். “எப்பிடி இருக்கும்? ரைஸ் மில்லுக்குள்ள மூட்டையக் கணக்காப் படுத்திருந்தேன். தூக்கம் வந்துச்சு. தூங்கினா என்ன படம் வருமோன்னு முழிச்சுக்கிட்டேன்” என்றாள். இப்படிப் பேசுகிறவளுக்கு நோய் என்றால் யார் நம்புவார்கள்?

ஒன்று மட்டும் புரியவில்லை. முன்மேசையில் உன் அக்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பெண், “அம்மா, உங்களுக்கா அறுபத்தாறு? எங்கம்மாவுக்கு அறுபதுதான். உங்க பக்கத்துல நின்னா அவங்கதான் மூத்தவங்கன்னு சொல்வாங்க!” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பன்னெண்டு மிருக வருஷத்துல இவளோடது எலி வருஷம். அரிசி மூட்டைக்குள்ளேயே குடியிருந்தா எப்பிடிம்மா வயசாகும்?” என்று நானும் அடித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்கா மட்டும் அட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வழியில் வாங்கிய சூடான வால்நட் கேக்கும் அவள் மடியிலேயே ஆறிப்போனது.

முடிவு எப்படி இருந்தாலும் மூடி மறைக்காமல் எழுது. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான், இரண்டு பேருக்கும் நீ. பயமாக இருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அத்தான் போங் தேசிக்


குவாங்ஜு
1 டிசம்பர் 2014

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

சங்மானின் வணக்கம். முடிவுத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். பச்சை நிறத்தில் ஒரு கோடு இருக்கும். பச்சை என்றால் நலம்.

நீங்கள் கேட்பீர்கள் என்பதால் விளக்குகிறேன். மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, சுண்டுவிரல் அளவில் வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. நேற்று நடந்ததை நாளைக்குச் சேர்த்து வைக்கிற இடம் அதுதான். மறதி நோய் முதலில் அதைத்தான் அரிக்கும். படத்தில் அதன் ஓரத்தை வரைந்து காட்டுவது என் வேலை. பிறகு கணினி அதை அளந்து, அதே வயதுள்ள, நலமாக இருக்கும் நூறு பெண்களோடு ஒப்பிடும். சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து முதல் பத்துக்குள் வருபவர்களுக்குத்தான் சிவப்புக் கோடு. அறுபத்தாறு வயதுக்காரர்கள் வரிசையில் அக்கா கீழிருந்து இருபத்திரண்டாவது இடத்தில் இருக்கிறாள். அதனால்தான் ‘வயதுக்குச் சரி’ என்று அச்சாகியிருக்கிறது.

கேள்வி கேட்டுப் பார்த்த சோதனையில் அக்காவுக்கு மதிப்பெண் குறைவு. நான்காம் வகுப்போடு நின்றவள் என்பதால் டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தான், படம் என்பது படம்தான். தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் நீங்கள். அக்கா எதையாவது மறந்தால் திட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை அழைத்து வாருங்கள். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

குளிர் அதிகமாகிவிட்டது. முழங்காலை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

பணிவுடன்,
வி சங்மான்


கோஹுங்
11 மே 2015

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர்கூட, “எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுக்கச் சொல்லுய்யா, என் பொண்டாட்டி நம்ப மாட்டேங்குறா” என்றார். உன் புண்ணியத்தில் ஊரிலேயே மூளைக்குச் சான்றிதழ் வைத்திருக்கிற ஒரே குடும்பம் நாங்கள்தான்.

ஆறு மாதத்தில் கூட்டிவரச் சொன்னாய். எதற்கு? நோயில்லை என்று ஆனபிறகு மறுபடி ரைஸ் மில்லுக்குள் தள்ள வேண்டுமா? அவளும் “அங்க போனா வயசு கேப்பாங்க, நான் வரல” என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பெண்களுக்கு வயதைச் சொல்வதில் அவ்வளவு கஷ்டம்!

ஆனால் தம்பி, உன்னிடம் ஒரு புகார். நோய் இல்லை என்று தெரிந்தபின் உன் அக்கா செய்கிறதெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. போன மாதம் என் அம்மாவின் திவசம். முப்பது வருஷம் ஒரு நாள் பிசகாமல் படையல் வைத்தவள், அன்று காலையில் பொழுது போகாதவள் போல் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அரிசிகூட நனைக்கவில்லை. அண்ணன் குடும்பம் வாசலில் வந்து நிற்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தவரை அம்மா இவளைப் படுத்தியது எனக்கும் தெரியும். பழி வாங்குகிறாள் என்று நினைத்துவிட்டேன். நாலு நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் ஃபிரிட்ஜைக் காட்டிக் கேட்டேன்: “உன் மூளை இருபத்திரண்டாம் நம்பர். உனக்கு ஒண்ணும் இல்ல. தெரியுமா?”

“தெரியும். அந்த நம்பர் என்னோடது இல்ல” என்றாள். என்ன திமிர் பார்.

அடுத்த வீட்டுக்காரர் மகன் ஒரு குதிரை வருஷத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். வருஷம் திரும்புவதற்குள் படகை விற்றாயிற்று. “குதிரை வருஷத்துக்காரி கால் வெச்ச வீட்ல கூரை நிக்காது” என்று என் அம்மா சொல்வாள். அதை நான் சொல்லிச் சிரித்தபோது உன் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். முன்பெல்லாம் என் மொக்கைப் பேச்சுக்கும் சிரிப்பாள்.

இன்னொன்று. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் மூன்று கிண்ணம் வைக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன்.

“அந்தப் புள்ளைக்கு. வாசல்ல நிக்குதே, கண்ணு தெரியலையா? அஞ்சு வயசு இருக்கும். கால்ல செருப்புகூட இல்ல.”

“யார் வீட்டுப் புள்ள?”

“எம் பேருக்குச் சொந்தக்காரி” என்றாள். பிறகு மீனில் முள் எடுத்து அந்தக் கிண்ணத்தில் வைத்தாள்.

வாசலில் ஒருவரும் இல்லை. பிள்ளை இல்லாத ஏக்கம் இந்த வயதில் தலைக்கு ஏறுகிறதோ என்னவோ. அன்று ராத்திரி வாசல் கதவை நானே இரண்டு தடவை தாழ் போட்டுப் பார்த்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அத்தான் தேசிக்


குவாங்ஜு
2 ஜூன் 2015

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதலில் அந்தத் தாளைக் கழற்றிக் கிழித்துப் போடுங்கள். அதைக் காட்டி அக்காவை ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். திவசம் மறந்தது பழி வாங்க அல்ல. அக்காவுக்குப் பழி வாங்கத் தெரியாது. உங்களுக்கே அது தெரியும்.

அவள் வரமாட்டேன் என்றாலும் அழைத்து வாருங்கள். இங்கே வேண்டாம் என்றால் வேறு நல்ல ஆஸ்பத்திரி சொல்கிறேன். அறுவடைப் பண்டிகைக்கு நான் வருகிறேன். நேரில் பேசுவோம்.

மூன்றாவது கிண்ணத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்மான்


கோஹுங்
6 மார்ச் 2016

சங்மானுக்கு,

பண்டிகைக்கு வந்தாய். நேரில் பேசுவோம் என்று எழுதியவன், என்னோடு பேசியது மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும்தான். கொல்லைப்புறத்தில் நீயும் உன் அக்காவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் விடிந்ததும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாய். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

போன புதன்கிழமை ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஃபோன். “தபால்கார ஐயா, உங்க வீட்டம்மா இங்க வந்திருக்காங்க. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க” என்றான் அங்கே இருக்கும் பையன். ஓடினேன். பத்து பேர் காத்திருக்கிற வரிசையில் உன் அக்கா முதல் ஆளாக நிற்கிறாள். நல்ல ஜாக்கெட் போட்டு, தலை வாரி, அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு.

“இந்தப் பேரத் திருப்பிக் குடுக்க வந்தேன், ஐயா. சொந்தக்காரி கேக்கறா. குளிருதாம் அவளுக்கு. ரொம்ப நாள் வெச்சிருந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

பையனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் யார் வீட்டுக் கதவைத் தட்டாதவன்? எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளை அடித்தேன். கன்னத்தில், ஒரு அடி. நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் முறை. என் தலையில் உன் தாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. வயதுக்குச் சரி, வயதுக்குச் சரி. சரியான மூளை உள்ளவள் ஊர் நடுவில் என்னைக் கேவலப்படுத்த வேண்டும் என்றுதானே இதைச் செய்கிறாள்? அடி வாங்கியவள் அழவில்லை. வாசலைப் பார்த்து, “நீ பயப்படாதடி, உன்ன அடிக்க மாட்டாரு” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. இத்தனை வயதில் குறி சொல்கிறவளிடமும் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதே. அவள் அரிசியை இறைத்துப் பார்த்துவிட்டு, “உன் பொண்டாட்டி பொறந்த வீட்ல ஒரு சின்னப் பொண்ணு செத்திருக்கு. சாப்பாடு வைக்காம விட்டுட்டாங்க. அது இவ கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்குது” என்றாள். குறிகாரிகள் எல்லோருக்கும் சொல்கிற கதை இது என்று எனக்கும் தெரியும். ஆனால் உன் அக்கா மாதக்கணக்கில் சொல்வதும் இதுதானே?

உன்னைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை செத்ததா? என் கண்ணைப் பார்த்துப் பேச உனக்கு வரவில்லை. காகிதத்தைப் பார்த்தாவது பேசு.

தேசிக்


குவாங்ஜு
3 ஏப்ரல் 2016

அத்தானுக்கு,

ஆம். செத்தது.

என் பெற்றோரின் முதல் பெண். பெயர் கும்ரே. 1948இல், எலி வருஷத்தில் பிறந்தவள். போர் முடிகிற சமயத்தில், ஐந்து வயதில், அம்மை கண்டு இறந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சமாதியும் இல்லை, திவசமும் இல்லை. அப்பா பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய் மலைச்சரிவில் புதைத்து, நரி தோண்டாமல் இருக்கக் கல்லைக் குவித்துவிட்டு வந்தார். இறப்பை யாரும் பதியவில்லை. மறுவருஷம், 1954இல், இன்னொரு பெண் பிறந்தாள். “பதிவேட்டுல ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்காளே, அதுவே இவளா இருந்துட்டுப் போகட்டும்” என்று அப்பா சொன்னாராம். அக்காலத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். நீங்கள் கட்டிக்கொண்டவள் அந்த இரண்டாவது பெண். செத்தவளின் பெயரிலும் செத்தவளின் வயதிலும் வளர்ந்தவள். அட்டையில் இருப்பதைவிட ஆறு வயது இளையவள்.

இது மட்டும் என்றால் எப்போதோ உங்களிடம் சொல்லிச் சிரித்திருப்போம். 1954 குதிரை வருஷம். தரகர் வந்தபோது உங்கள் அம்மா முதலில் கேட்டதே, பெண் குதிரை வருஷமா என்றுதான். எங்கள் அம்மா செத்த பிள்ளையின் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தாள். பொருத்தம் கூடிவந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அக்காவையும் என்னையும் உட்காரவைத்து, “அந்த வீட்டுக்குத் தெரிஞ்சா மறுநாளே திருப்பி அனுப்பிருவாங்க. சாகற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றாள். அக்காவுக்கு அப்போது இருபது. எனக்குப் பதினைந்து. பிறகு அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்தபோது, ஜாதகம் இவ்வளவு பொருந்தியும் ஏன் தங்கவில்லை என்று உங்கள் அம்மா கேட்டார்களாம். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பயம் எலும்புக்குள் போய்விட்டது.

2008இல் நீங்கள் ஊரைக் கூட்டி அவளுக்கு அறுபதாம் ஆண்டு விழா எடுத்தீர்கள். அது செத்தவளுக்கு நடந்த விழா. என் அக்காவுக்கு உண்மையில் அறுபது நிறைந்தது 2014இல். அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். வெளியே சொல்ல முடியாத அந்த அறுபதுக்கு என் பரிசாகத்தான் அந்தப் படத்தை எடுக்க ஏற்பாடு செய்தேன்.

இப்போது எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அடையாள அட்டை எண்ணிலேயே பிறந்த தேதி இருப்பதால், கணினி தானாகவே அறுபத்தாறு என்று போட்டுக்கொண்டது. பச்சைக் கோடு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம்; அறையில் யாரும் இல்லை. வயது இருக்கும் கட்டத்தில் அறுபது என்று மாற்றினேன். கோடு சிவப்பாயிற்று. அறுபது வயதுக்காரர்கள் வரிசையில் அக்கா கீழிருந்து ஆறாவது இடத்தில் இருந்தாள். நான் அதைப் பார்த்தேன், அத்தான். என் கண்ணால் பார்த்தேன்.

உடனே அக்காவை ஃபோனில் அழைத்துச் சொன்னேன். “வேண்டாம்டா. மறந்தா மறந்துட்டுப் போறேன். அவருக்குத் தெரியக் கூடாது” என்று அழுதாள். மறுபடி அறுபத்தாறு என்று மாற்றி, பச்சைக் கோட்டை அச்சிட்டு உங்களுக்கு அனுப்பினேன். அவள் கேட்டாள் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பொத்தானை அழுத்தியது நான்.

அதோடும் முடியவில்லை. ‘நலமானவர்’ என்று முடிவானதால் அக்காவின் படம் அந்த நூறு பேர் வரிசையில் சேர்க்கப்பட்டுவிட்டது. இந்த ஒன்றரை வருஷமாக இங்கே வருகிற ஒவ்வொரு பெண்ணும் அக்காவோடும் ஒப்பிடப்படுகிறாள். திரையில் அந்த வரிசை வரும்போதெல்லாம் அக்கா அதில் நிற்கிறாள், செத்தவளின் வயதோடு. என்னால் அந்தப் பக்கத்தைத் திறக்கவே முடியவில்லை. போன வாரம் துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு வேலை இருக்குமா என்று இன்னும் தெரியாது.

அவளை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உண்மை வயதைச் சொல்லுங்கள். நீங்கள் அவளை அடித்த அடியும் என் கணக்கில்தான் சேரும்.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

சங்மான்


கோஹுங்
23 அக்டோபர் 2016

சங்மானுக்கு,

ஆறு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வசவாகத்தான் வந்தது. வசவைத் தபாலில் போடக்கூடாது என்பது என் தொழில் தர்மம்.

உன் கடிதம் வந்த வாரமே அவளை அழைத்துப் போனேன். குவாங்ஜுவுக்கு அல்ல. உன் ஊர்ப் பக்கமே வர எனக்கு மனசில்லை. சுன்சனில் ஒரு டாக்டரம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி படம் எடுத்து, அறுபத்திரண்டு என்று போட்டுப் பார்த்தார். கீழிருந்து இரண்டாவது இடம். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?” என்று என்னைக் கடிந்துகொண்டார். “வந்தோம்” என்றேன்.

அப்போதே மருந்து தொடங்கியிருந்தால் நோய் போயிருக்காதாம். ஆனால் கொஞ்ச காலம் தள்ளிப் போயிருக்கலாமாம். அந்தக் கொஞ்ச காலத்தில்தான் நான் அவளோடு பேசாமல் இருந்த நாலு நாளும், அவளை அடித்த நாளும் இருக்கின்றன. அந்த அடியை உன் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருந்தாய். அதெல்லாம் முடியாது. அது என் கை. நாற்பத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தவன், கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் பச்சைக் கோட்டை நம்பினேன்.

உன்மேல் கோபம் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை. பதினைந்து வயதில் வாயை மூடிக்கொண்டாய், அதை மன்னிக்கலாம். ஐம்பத்தைந்து வயதில் சிவப்பைப் பார்த்துவிட்டுப் பச்சையை அனுப்பினாயே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது?

ஆனாலும் நீ வரவேண்டும். சாயங்காலமானால் “தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா?” என்று கேட்டு வாசலுக்குப் போகிறாள். வந்து அவளைப் பார். என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றாவது கிண்ணத்தில் இப்போது நானே சோறு போடுகிறேன். நீயும் வந்தால் நாலாகும்.

சந்தையில் ஜாதகம் பார்க்கிற கிழவரிடம் நான் நாய் வருஷம், பெண் குதிரை வருஷம் என்று சொல்லிக் கேட்டேன். “அடடா, இதவிடப் பொருத்தம் எங்கய்யா கிடைக்கும்? நாயும் குதிரையும் ஒரே கூட்டமாச்சே!” என்றார். சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன். பேருந்து நிலையம் வரை வந்து, அங்கே உட்கார்ந்து அழுதேன். என் அம்மாவைச் சொல்லி என்ன பயன்? குதிரை வருஷத்துப் பெண்களைப் பற்றி அவள் முன்னாலேயே நான் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே என்ன ஆகியிருப்பாள்?

இப்போது அவளுக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. சில நாள் தபால்காரர் என்கிறாள், சில நாள் ஐயா என்கிறாள். டாக்டரம்மா பிறந்த வருஷம் கேட்டால் மட்டும் தட்டாமல் பதில் வருகிறது. “நாப்பத்தெட்டு. எலி வருஷம்.” எல்லாம் போன பிறகும் அந்த ஒரு பொய்யை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மதியம் வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

“நீ குதிரை வருஷத்துல பொறந்தவன்னு எனக்குத் தெரியும். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல.”

பூண்டு நாறும் கையால் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்க, ஐயா. எம் புருஷன் காதுல விழுந்தா அனுப்பிருவாரு.”

“அனுப்ப மாட்டாரும்மா” என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “உங்களுக்கு அவரத் தெரியாது” என்றாள்.

போங் தேசிக்